காயாத கலயம்

பீப்பாய் நிறைந்திருந்தது. அதுதான் இருதயத்துக்கு முதலில் பிடிபடாத விஷயம்.

மரப்பீப்பாய் என்றால் குறையத்தான் வேண்டும். எவ்வளவு இறுக்கி அடைத்தாலும் மரம் தன் பங்கைக் குடித்துக்கொண்டே இருக்கும். வெயில் காலத்தில் கூடுதலாக, மழைக்காலத்தில் கொஞ்சம் நிதானமாக. துரைமார்களின் சரக்கறையில் தலை நரைக்கத் தொடங்கியவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விரல் முட்டியால் பீப்பாயின் விலாவில் தட்டினால் போதும். காலியான இடம் 'டொம்' என்று வாய் திறக்கும். நிறைந்த இடம் 'தப்' என்று வாயை மூடிக்கொள்ளும். போன சித்திரையில் தட்டிப் பார்த்தபோது மேலே ஒரு சாண் அளவுக்கு டொம் என்றது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. இன்றைக்கு, ஆடிச் சாரல் குமுளி மலையிலிருந்து சாய்வாக இறங்கிக்கொண்டிருந்த இந்தப் பிற்பகலில், அடிவளையத்திலிருந்து மேல்விளிம்பு வரைக்கும் தட்டியும் ஒரே 'தப்' தான் கேட்டது.

இருதயம் அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்தான். அடிவாரத்து முகாமின் சரக்கறை பாதி மலைக்குள் குடைந்து கட்டியது. வெளியே பகலாக இருந்தாலும் உள்ளே எப்போதும் அந்தி நேரம்தான். சுவரோரம் தகரப் பெட்டிகள், மெழுகுவர்த்திக் கட்டுகள், உப்புக்கண்டம் அடைத்த தொட்டி, அவற்றுக்கெல்லாம் பின்னால் இரண்டு கட்டைகளின் மேல் நிமிர்ந்து நிற்கும் இந்தப் பீப்பாய். ஓடு ஒழுகவில்லை. பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி எதுவும் இல்லை. யாராவது நிரப்பி வைத்தார்களா என்றால், வெளிக்கதவின் சாவி அவன் இடுப்பை விட்டு இறங்கியதில்லை.

இன்னொரு முறை தட்டினான்.

தப்.

அவன் கையை எடுத்துக்கொண்ட பிறகு, எடுத்து விளக்கின் திரியைச் சற்று ஏற்றிய பிறகு, உள்ளிருந்து இன்னொரு 'தப்' வந்தது.

பெருச்சாளியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். அப்படி நினைத்துக்கொண்டால்தான் அங்கே நிற்க முடியும். வாசலுக்கு வெளியே, பழைய துரை விட்டுப்போன கோம்பை நாய் மழையில் நனைந்தபடி உட்கார்ந்து சரக்கறையையே பார்த்துக்கொண்டிருந்தது. தாழ்வாரத்தில் காய்ந்த இடம் எவ்வளவோ இருந்தும் அந்த நாய் ஏனோ இந்த மழைக்காலம் முழுக்க அதன் கீழே ஒதுங்கவே இல்லை.

மலைமேல் அணை கட்டும் வேலைக்காக முகாம் போட்ட நாளிலிருந்து இருதயம் இங்கே பட்லர். சொந்த ஊர் இராயப்பன்பட்டி. தாத்தா காலத்திலேயே ஞானஸ்நானம் வாங்கிய குடும்பம். அவனுடைய பழைய துரைக்குக் கூலிகள் வைத்த பெயர் பீப்பாய் துரை. சீமையிலிருந்து வருகிற பீர் கழுதை மூத்திரம் என்பது அவரது தீர்மானம். தானே காய்ச்சினால்தான் அவருக்கு நாக்கு ஆறும். பார்லியும், கசப்புக்காகப் போடும் ஏதோ காய்ந்த பூவும் கப்பலில் வந்து, ரயிலில் வந்து, மாட்டுவண்டியில் வந்து சேர்ந்தன. நுரைக்க வைக்கிற மண்டி மட்டும் வழியிலேயே செத்துப்போயிருந்தது. துரை கஷாயத்தைக் காய்ச்சி ஆறவைத்துவிட்டு, அது சும்மா கிடப்பதைப் பார்த்து, "நுரைக்கிற எதையாவது கொண்டு வா" என்று பட்லரை விரட்டினார்.

அது காய்ச்சல் காலம். முகாமில் பாதிப்பேர் குழிக்குள்ளும் மீதிப்பேர் ஊர்களுக்கும் போயிருந்தார்கள். கள் இறக்கும் ஆட்களும் ஓடிவிட்டதால் கடை மூடிக்கிடந்தது. கம்பத்துக்கு நடந்து போய் வர இருதயத்துக்குக் காலும் வரவில்லை, தைரியமும் வரவில்லை. அப்போதுதான் அவனுக்குப் பாறையடிக் கலயங்கள் ஞாபகம் வந்தன.

காய்ச்சலில் கிடப்பவனுக்குப் பச்சைத்தண்ணீர் ஆகாது, கொடுத்தால் ஜன்னி கண்டுவிடும் என்று முகாம் முழுக்க நம்பினார்கள். அதனால் அங்கே செத்தவர்கள் எல்லாருமே தாகத்தோடு செத்தவர்கள். பால் தெளிக்கிற நாளில் அவர்களுடைய சனங்கள் ஒரு கலயம் கள்ளைக் கொண்டுவந்து, குழிகளுக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும் பாறைக்கு அடியில், மழைச்சொட்டு விழாத இடத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவார்கள். கலயம் தானாகக் காய்ந்து, தானாக வெடிக்க வேண்டும். வெடித்தால் போனவருக்குத் தாகம் தீர்ந்தது என்று கணக்கு. அதுவரை யாரும் அதைத் தொடமாட்டார்கள்.

இருதயம் தொட்டான். அன்றைக்குப் புதிதாக இருந்தது ஒரே ஒரு கலயம்தான். சுருளியாண்டி என்ற கல்லுடைப்பவனுடையது. அவன் பெண்டாட்டி மொக்கம்மாள் மார்க்கையன்கோட்டையிலிருந்து அதைத் தலையில் சுமந்து நடந்தே கொண்டுவந்திருந்தாள். அஞ்ஞானிகளின் வழக்கம் நம்மை என்ன செய்யும் என்று சொல்லிக்கொண்டு, பட்லர் கள்ளையும் அடிமண்டியையும் கூஜாவில் கவிழ்த்துக்கொண்டான். வெறுங்கலயத்தை விட்டுவர ஏனோ மனசு ஒப்பவில்லை. ஓடைத்தண்ணீரை மொண்டு அதில் ஊற்றி வைத்துவிட்டு வந்தான். கஷாயம் அன்று மாலையே பொங்கி நுரைத்தது. துரை குழந்தை மாதிரி கைதட்டினார். இரண்டு மழைக்காலம் தாண்டிய பிறகுதான் திறக்க வேண்டும் என்று சொல்லி அடைத்து வைத்தார். அதே காய்ச்சலில் அந்த மாதமே அவரும் போய்விட்டார்.

இரண்டு மழையும் தாண்டி இது மூன்றாவது. காலையில் உத்தமபாளையத்து வண்டிக்காரர் அபுபக்கர் சாமான் இறக்கும்போதே சொல்லிவிட்டுப் போனார்.

"இருதயண்ணே, புதுத் தொரை நாளைக்கு இங்கன வந்து சேர்றாக. செத்துப்போன தொரை வடிச்சு வச்ச பீரு இருக்காமேன்னு சின்னமனூர்லயே கேட்டாக. புளிச்சுக் கிடந்தா அவுக முன்னால வச்சிராதீக. ருசி பாத்து வைங்க."

பட்லர் ருசி பார்க்காத எதுவும் துரை மேசைக்குப் போகாது. அதற்காகத்தான் இருதயம் இந்த மழையில் இங்கே வந்து நின்றுகொண்டிருந்தான். இல்லாவிட்டால் இன்றைக்கு வீட்டை விட்டு நகர்ந்திருக்க மாட்டான். அவன் பெண்டாட்டி வியாகுலமேரிக்கு இது நிறைமாசம். இதற்கு முன் வயிற்றில் தங்கியவையெல்லாம் வெளிச்சம் பார்க்காமலே போய்விட்டன. இந்த ஒன்றுதான் இத்தனை தூரம் வந்திருக்கிறது. இதை உயிரோடு கையில் வாங்கினால் வேளாங்கண்ணிக்குக் கால்நடையாக வருகிறேன் என்று அவன் மாதாவிடம் நேர்ந்திருந்தான். இன்று விடிகாலையில் அவள் கிணற்றடியில் குடத்தோடு நின்றுகொண்டு, "என்னங்க, நேத்துலருந்து புள்ள அசையவே இல்ல" என்று சொன்னாள். சொல்லிவிட்டு அந்தக் குடத்தை அப்படியே தூக்கி வாயில் கவிழ்த்துக்கொண்டாள். தூங்குற புள்ள முழிக்கும், பயப்படாத என்று சொல்லிவிட்டு வந்தவன் பகல் முழுக்க மாதாவையே கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

பீப்பாயின் மரக்குழாயைத் திருகப் போனவன் நின்றான். குழாயின் முனை ஈரமாக இருந்தது. மேல்தூசி முழுக்க அப்படியே படிந்திருக்க, முனை மட்டும் துடைத்த மாதிரி, நக்கிய மாதிரி, பளபளத்தது.

குவளையில் கொஞ்சம் பிடித்தான்.

வெல்லப்பாகு நிறத்தில் இறங்கியது. மேலே பழுப்பு நுரை, விரல்கனத்துக்கு, உடையாமல் நின்றது. வாசனை முதலில் வறுத்த தானியம். பிறகு பழைய புத்தகப் பெட்டியைத் திறந்தால் வரும் மர வாசனை. அதற்கும் அடியில் ஏதோ ஒரு மலரின் கசப்பு. இரண்டு வருஷம் இருட்டில் கிடந்தது வீண்போகவில்லை. இருதயம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு மடக்கு வாயில் வாங்கினான். நாக்கின் நுனியில் லேசான இனிப்பு, நடுவில் புளிப்பு, தொண்டையருகே நல்ல கசப்பு, மூன்றும் ஒன்றையொன்று தள்ளாமல் வரிசையாக வந்தன. சீமைச் சரக்கு எத்தனையோ ருசி பார்த்தவன் அவன். இதைப்போல ஒன்று அவன் நாக்கில் பட்டதில்லை. துரை இருந்து குடிக்கவில்லையே என்று உண்மையாகவே வருத்தப்பட்டான்.

விழுங்கிய பிறகுதான் மற்றது வந்தது. சுட்ட மண்ணின் ருசி. புதுக் கலயத்தில் முதல் தண்ணீர் ஊற்றிக் குடித்தால் வருமே, அந்த ருசி. அதற்குப் பின்னால், வெகுதூரத்தில், காய்ச்சல்காரனின் வாய்நாற்றம்.

உடனே தாகம் எடுத்தது. ஒரு மடக்குக் குடித்தவனுக்கு வருகிற தாகமாக அது இல்லை. மூலையில் இருந்த பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தான். தண்ணீர் தொண்டையை நனைக்காமலே கீழே போயிற்று. இன்னொரு செம்பு குடித்தான். வயிறுதான் கனத்தது, நாக்கு அப்படியே ஒட்டிக்கொண்டு கிடந்தது. அவன் கண் குழாயின் மேலேயே இருந்ததை அவனே கவனித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அண்ணே."

வாசலில் மொக்கம்மாள் மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். புருஷன் போன பிறகு முகாமிலேயே தங்கி, கூட்டிப் பெருக்கி, தண்ணீர் சுமந்து பிழைக்கிறவள். நிலைப்படிக்கு வெளியேதான் நின்றாள். கூரைத்தண்ணீர் அவள் தோளில் நேராக விழுந்துகொண்டிருந்தது.

"உள்ள வந்து நில்லு மொக்கம்மா. நனையுற பாரு."

"இருக்கட்டும்ண்ணே. அக்காவுக்குத் தண்ணி ஊத்திட்டு வாரேன். சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். எத்தன குடம் கொண்டாந்து ஊத்தினாலும் காண மாட்டேங்குது. மசக்கையில புளி திம்பாக, சாம்பல் திம்பாக. இப்பிடித் தண்ணி குடிச்சு நான் பாத்ததில்ல."

"சூடா இருக்கும். நெறமாசம்ல."

"என்னத்தையோ." அவள் தரையைப் பார்த்தாள். "உதடு மட்டும் வெடிச்சுக் கிடக்குண்ணே. அம்புட்டுத் தண்ணி குடிக்குறாக, உதட்டுல ஈரம் இல்ல."

இருதயம் தன் உதட்டை நக்கிப் பார்த்தான். சொரசொரத்தது. மொக்கம்மாள் மூக்கை உறிஞ்சினாள்.

"இங்கன கள்ளு வாசம் அடிக்குதே."

"கள்ளு இல்ல. தொரை வடிச்ச பீரு."

"எங்க அய்யா மரத்துக் கள்ளுண்ணே இது. அந்த ஒத்த மரத்துக்கு மட்டும் இந்த வாசம் உண்டு. அவுக கலயத்துக்கு நான் கொண்டாந்தது அதுதான்." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "மத்தவுக கலயம் எல்லாம் அந்த வருசமே காஞ்சு வெடிச்சிருச்சு. அவுக கலயம் மட்டும் காயல. எப்பப் போய்ப் பாத்தாலும் தண்ணியா நிக்குது. யாரோ கைய வச்சிட்டாகன்னு எனக்கு அப்பவே தெரியும். யாருன்னுதான் தெரியாம இருந்துச்சு."

காய்ச்சல் கொட்டகையின் வழியாக, துரைக்கு ஆறவைத்த தண்ணீரைக் கூஜாவில் கொண்டுபோன ஒரு மத்தியானம் அவன் கண்முன் வந்தது. பாயில் கிடந்த சுருளியாண்டி தலையை மட்டும் தூக்கி, "பட்லரே, ஒரு வாய் குடு" என்றான். முகாமில் எல்லாரும் அண்ணே என்றபோது அவன் ஒருத்தன்தான் பட்லரே என்று கூப்பிடுவான். இது துரை தண்ணி என்று சொல்லிவிட்டு இருதயம் நடந்தான். கொட்டகையின் முனை திரும்பும் வரைக்கும் முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல் வந்துகொண்டே இருந்தது.

"அக்கா இந்த பீரக் குடிச்சாகளாண்ணே?" என்று மொக்கம்மாள் கேட்டாள்.

"அவ எப்பிடிக் குடிப்பா? சாவி ஏங்கிட்ட இருக்கு."

அவள் அவனைத் தாண்டி, சரக்கறையின் உட்சுவரைப் பார்த்தாள். அங்கே பட்லர் வீட்டு அடுப்பங்கரைக்குப் போகிற சின்னக் கதவு இருந்தது. வெண்ணெயும் மெழுகுவர்த்தியும் அவசரத்துக்கு எடுப்பதற்காக வைத்தது. அதன் தாழ்ப்பாள் வீட்டுப் பக்கம் இருந்தது.

குழாயின் ஈரமுனை அவனுக்கு ஞாபகம் வந்தது.

"திருப்பி ஊத்திருவோம்" என்றான். குரல் அவனுடையதாகவே இல்லை. "எடுத்தத அங்கனயே ஊத்திருவோம், மொக்கம்மா. நீயும் வா. நீ வந்தாத்தான் அவுக வாங்கிக்கிருவாக."

கூஜாவைக் குழாயடியில் வைத்துத் திருகினான். நுரை வழிய நிறைந்தது. கிளம்பும்போது உட்கதவருகே நின்று, "வியாகுலம்" என்று கூப்பிட்டான். "இங்கதான் இருக்கேன்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. சாதாரணமாகத்தான் இருந்தது. செம்பில் தண்ணீர் மொள்ளும் சத்தமும் கேட்டது. இதோ வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே இறங்கினான்.

மேற்கே மலை தெரியவில்லை. மேகம் அடிவாரம் வரைக்கும் இறங்கி, புளியமரங்களின் தலையைத் தின்றுகொண்டிருந்தது. சாரல் முகத்தில் ஊசியாகக் குத்தியது. வாயைத் திறந்து அதை வாங்கிக்கொண்டே நடந்தான். நாக்கில் விழுந்த ஒரு துளியும் தெரியவில்லை. கையில் கூஜா கனத்தது. அதற்குள் இருந்தது அவன் நடைக்குத் தகுந்தபடி தளும்பவே இல்லை. மொக்கம்மாள் முன்னால் போனாள், ஒருமுறைகூடத் திரும்பாமல்.

குழிமேடுகள் மழையில் கரைந்து தரையோடு தரையாகக் கிடந்தன. மேலே பாறை. பாறைக்கு அடியில் காய்ந்த மண், அந்த மழையிலும் தூசியாக. வெடித்த கலயங்களின் ஓடுகள் அங்கங்கே மல்லாந்து கிடந்தன. நடுவில் ஒன்று மட்டும் முழுசாக இருந்தது.

இருதயம் மண்டியிட்டு விளக்கை அதற்குள் காட்டினான்.

காய்ந்திருந்தது.

ஒரு சொட்டு இல்லை. அடியில் ஓடைவண்டல் வெளுத்துப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அவனுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. மார்பில் சிலுவை போட்டுக்கொண்டான். மாதாவே, மாதாவே என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். தாகம் தீர்ந்துவிட்டது. மன்னித்துவிட்டான். பிள்ளை பிழைக்கும்.

"காஞ்சிருச்சு மொக்கம்மா. பாரு. காஞ்சிருச்சு."

அவள் சந்தோஷப்படவில்லை. குனிந்து கலயத்தை இரண்டு கையாலும் எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கையை உள்ளே விட்டுத் தடவினாள். காதருகே வைத்துச் சுண்டினாள். நல்ல பானையின் சத்தம், கணீரென்று வந்தது.

"தாகம் தீந்த கலயம்னா வெடிச்சிருக்கும்ண்ணே" என்றாள். "இதுல ஒரு கீறல் இல்ல."

"அப்பிடின்னா?"

"அவுக இங்கன இல்ல."

கூஜாவைச் சாய்க்கப் போன அவன் கையை அவள் பிடித்து நிறுத்தினாள்.

"ஆளில்லாத எடத்துல ஊத்தி என்னண்ணே செய்ய? எந்திரிச்சுப் போயிருக்காக. குடிக்க வேற வாய் கெடச்சிருக்கு." அவள் கலயத்தை இருந்த இடத்திலேயே வைத்தாள். "நேத்து வரைக்கும் தண்ணி நின்னுச்சு."

நேற்றிலிருந்து பிள்ளை அசையவில்லை.

இருதயம் ஓடினான்.

வழி தெரியவில்லை. விளக்கு அணைந்துபோயிருந்தது. கூஜாவை எங்காவது எறிந்திருக்கலாம். எறிய வேண்டும் என்று தோன்றவே இல்லை. சேறு வழுக்கியது. விழுந்தான். எழுந்தான். கூஜாவிலிருந்து ஒரு துளியும் சிந்தவில்லை.

முகாமில் விளக்கேற்றும் நேரம். அவன் வீட்டில் மட்டும் வெளிச்சம் இல்லை. நாய் இருந்த இடத்தில் இல்லை.

வீட்டு வாசல் உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினான். கத்தினான். சரக்கறைப் பக்கமாகச் சுற்றி ஓடினான். உள்ளே இருட்டு. கையை நீட்டித் துழாவினான். பீப்பாய். முட்டியால் தட்டினான்.

டொம்.

மேலே தட்டினான். டொம். நடுவில். அடியில். டொம். டொம்.

எல்லாம் காலி. விளிம்பு வரைக்கும் நிறைந்திருந்த பீப்பாய். குழாய் திறந்து கிடந்தது. அதன் கீழே தரை காய்ந்திருந்தது.

உட்கதவும் திறந்து கிடந்தது.

"வியாகுலம்."

ஒரு சத்தம் மட்டும் வந்தது. யாரோ குடிக்கிற சத்தம். மூச்சு விடாமல். மடக். மடக். மடக்.

அடுப்பில் கொஞ்சம் நெருப்பு மிச்சம் இருந்தது. அந்தச் சிவப்பில் அவளைப் பார்த்தான். சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் குடங்கள் கவிழ்ந்து கிடந்தன. அவள் கையில் குவளை இல்லை. செம்பு இல்லை. வாய் மூடியிருந்தது. தொண்டை அசையவில்லை.

மடக். மடக்.

"வந்துட்டீகளா" என்றாள். சிரித்தாள். வெடித்த உதடு சிரிப்பில் பிளந்தது. ரத்தம் வரவில்லை. "அசையலன்னு பயந்தோம்ல. பாருங்க. முழிச்சுட்டான்."

"என்ன புள்ள பண்ணுன?"

"கையக் குடுங்க."

அவன் கொடுத்தான். அவள் அவன் விரல்களை மடக்கினாள். அவன் பீப்பாய்க்கு மடக்குவது போலவே. அதை அவள் எங்கே பார்த்துக் கற்றாளோ. அவன் முட்டியைத் தன் வயிற்றின் விலாவில் வைத்துத் தட்டினாள்.

தப்.

மேலே தட்டினாள். தப். கீழே. தப். விளிம்பு வரை.

அவன் கையை இழுத்துக்கொண்டான். குடிக்கிற சத்தம் நின்றது. அடுப்பங்கரை முழுக்க நிசப்தம். ஓட்டின் மேல் மழை விழுவதுகூடக் கேட்கவில்லை.

உள்ளிருந்து, தாமதமாக, இன்னொரு தட்டு வந்தது.

தப்.

அவள் கண் அவன் முகத்தில் இல்லை. கூஜாவில் இருந்தது. வாய் திறந்தது. நாக்கில் ஈரம் இல்லை. வற்றிய கண்மாய்த் தரையாகப் பாளம் பாளமாக இருந்தது.

"ஒரு வாய் குடு, பட்லரே."

வியாகுலமேரி அவனை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

கொடுத்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியவில்லை. கொடுக்காமல் போனால் என்ன ஆகும் என்பது தெரியும். ஒருமுறை கொடுக்காமல் போயிருக்கிறான். உள்ளே இருப்பது அவன் பிள்ளை. உள்ளே இன்னும் அவன் பிள்ளையும் இருக்க வேண்டும். மாதாவே.

கை தானாக உயர்ந்தது. கூஜா சாய்ந்தது. வெல்லப்பாகு நிறத்தில் அவள் வாய்க்குள் இறங்கியது. சுட்ட மண்ணின் வாசம் அறை முழுக்க எழுந்தது. அவன் தொண்டை எரிந்தது. அவனுக்கும் ஒரு சொட்டு வேண்டும். அவனுக்கு மிஞ்சாது.

அவள் தொண்டை அசையவே இல்லை. சத்தம் வயிற்றிலிருந்து வந்தது. மடக். மடக். மடக். ஒவ்வொரு மடக்குக்கும் வயிறு ஒரு துளி உயர்ந்தது. சேலை இறுகியது. தோல் விளக்குக் கண்ணாடியாக மினுங்கியது.

போதும் என்று சொல்லப் பார்த்தான். கையை இறக்கப் பார்த்தான். அவள் விரல்கள் அவன் மணிக்கட்டைச் சுற்றியிருந்தன. காய்ந்த விரல்கள். காய்ச்சல் சூடு.

கூஜா எப்போதோ தீர்ந்திருக்க வேண்டும். இருதயம் குனிந்து உள்ளே பார்த்தான். விளிம்பு வரைக்கும் நிறைந்திருந்தது. நுரை உடையாமல் நின்றது.

அவன் ஊற்றிக்கொண்டே இருந்தான்.